அம்மா அழுதது என்னத்துக்கு?

அன்புள்ள அண்ணாச்சி,

பொங்கலுக்குச் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் லீவு கிடைத்து, ஓசூரிலிருந்து அம்பாசமுத்திரம் வந்திருந்தேன். பள்ளிக்கூடக் காலத்தில் அம்மாவோடு பார்த்து உருகிய ஒரு படத்தின் இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா, அப்பா இருவரையும் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனேன். பெரிய ஏமாற்றம். முதல் பாகத்தில் தம்பியைக் காப்பாற்றப் போய் ஆற்றோடு போன அண்ணன், இதில் உயிரோடு வந்து நிற்கிறான். யாரோ காப்பாற்றி ஒளித்து வைத்திருந்தார்களாம். அம்மா சத்தமாகவே, "செத்தவன எதுக்குல திரும்பக் கொண்டாந்திருக்கானுவ? அப்பம் அன்னைக்கு நான் அழுதது என்னத்துக்கு?" என்றாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. "படம்னா அப்படித்தாம்மா, பேசாம பாரு" என்றேன். கார் வாடகை, டிக்கெட், தின்பண்டம் என்று நல்ல செலவு. பழைய நடிகர்களில் பாதிப்பேர் இல்லை. எனக்கு வயதாகிவிட்டதா, படம்தான் கெட்டுவிட்டதா? இரண்டாம் பாகங்களுக்குப் போவதையே விட்டுவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

படத்தின் பெயரை எடுத்துவிட்டுத்தான் உங்கள் கடிதத்தை வெளியிடுகிறேன். எந்தப் படம் என்று அடித்துக்கொள்வதில் உங்கள் அம்மாவின் கேள்வி காணாமல் போய்விடும். எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். கொஞ்ச நாளாகவே இசக்கியம்மன் கதையைத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன், அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

செலவைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வயதும் காரணமில்லை. நடிகர்கள் மாறியதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். கோயில் கொடைவிழாவில் வில்லடிக்கும் புலவர் ஒருவரே கொன்றவனாகவும் செத்தவளாகவும் பாடுகிறார். ஊர் நம்புகிறது.

ஆனால் அம்மாவைப் "பேசாம பாரு" என்று எப்படித் தம்பி சொன்னீர்கள்? அந்த அரங்கில் படத்தைச் சரியாகப் பார்த்தவர் அவர்தான். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு இவ்வளவு யோசித்து, இவ்வளவு நீளமாக எழுதியிருப்பதை அவர் ஒரே வரியில், இருட்டில், அந்த நிமிடமே சொல்லிவிட்டார். நாலுபேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூசியிருக்கிறீர்கள். கூச வேண்டியது படத்தை எடுத்தவர்கள்.

நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லுப்பாட்டில் இசக்கி கதையாகப் பாடப்படுவது. லட்சுமி என்ற தாசியின் வீட்டில் ஒரு பிராமணன் பணத்தையெல்லாம் தொலைத்துவிட்டு வெளியேறுகிறான். அவள் அவன் பின்னாலேயே போகிறாள். காட்டில் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறவளை நகைக்காகக் கல்லைப் போட்டுக் கொல்கிறான். பக்கத்தில் நின்ற கள்ளிச்செடிதான் சாட்சி. தேடிவந்த அவள் அண்ணனும் சாகிறான். முதல் பாகம் முடிந்தது. அடுத்த பிறவியில் அந்தப் பிராமணன் செட்டியாகப் பிறக்கிறான், அவள் நீலி. கள்ளிக்கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன்' என்று பழையனூர் வேளாளர்களிடம் முறையிடுகிறாள். அவன் அலறுகிறான், யாரும் நம்பவில்லை. அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று எழுபது பேர் வாக்குக் கொடுக்கிறார்கள். இரவில் அவனைக் கொன்றுவிட்டுப் போய்விடுகிறாள். வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இதுவும் இரண்டாம் பாகம்தான். செத்தவள்தான் இதிலும் திரும்பி வருகிறாள். ஆனால் நான் சாகவே இல்லை என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. அந்தக் கல், அந்தக் கள்ளி, அந்தச் சாவு எல்லாம் அவளோடு வருகின்றன. முதல் பாகத்தில் நாம் அழுததன் மீதிதான் இரண்டாம் பாகத்தை நடத்துகிறது. சினிமாவிலும் இதைச் செய்தவர்கள் உண்டு. 1979இல் வந்த கல்யாணராமனில் கொலையான கல்யாணம், 1985இல் வந்த ஜப்பானில் கல்யாணராமனிலும் ஆவியாகத்தான் வருகிறான். வேடிக்கைப் படம்தான், ஆனாலும் செத்தவனைச் செத்தவனாக வைத்திருக்கும் மரியாதை அதில் இருந்தது.

நீங்கள் பார்த்த படத்தில் அந்த அண்ணனின் சாவை அழித்துவிட்டார்கள். அவன் பிழைத்துக்கொண்டான் என்றால் தம்பிக்காக அவன் கொடுத்தது என்ன? ஒன்றுமில்லை. உங்கள் அம்மாவின் அழுகையையும் சேர்த்து அழித்துவிட்டார்கள்.

இந்தக் கோழைத்தனம் சினிமாவோடு வந்ததில்லை. உங்கள் ஊர் மலையிலேயே இது நடந்திருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலில் முத்துப்பட்டன் இருக்கிறார், உங்கள் அம்மாவுக்குப் பட்டவராயன் என்றால் தெரியும். பிராமணனாகப் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவரை விரும்பியவர். அந்தப் பெண்களின் அப்பன் வாலப்பகடை சொன்னபடி குடுமியை எடுத்து, பூணூலை அறுத்து, செருப்புத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர். கல்யாணமான கையோடு மாடு திருடவந்தவர்களோடு மோதப் போய், வஞ்சகமாகக் குத்துப்பட்டுச் செத்தார். இரண்டு பெண்களும் அவர் சிதையில் ஏறினார்கள். இன்றைக்கும் அவருக்குச் செருப்புதான் காணிக்கை.

பின்னால் வந்தவர்கள் இதில் ஒன்றைச் செருகினார்கள். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகளாம், காட்டில் விட்டுப்போனதை வாலப்பகடை எடுத்து வளர்த்தானாம். இது பிற்காலத்து ஒட்டு என்று கதையைப் பதிப்பித்த நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். செருகியவர்கள் செய்த காரியத்தைப் பாருங்கள்! பட்டன் எதையும் இழக்கவில்லை, தன் சாதியில்தான் கட்டினான் என்றாகிவிடுகிறது. அப்புறம் அந்தப் பூணூல் எதற்கு அறுந்தது, அந்தச் செருப்பு எதற்கு? உங்கள் படத்தில் அண்ணனை ஆற்றிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவர்களும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். ஒரு மனிதன் கொடுத்த விலையைப் பார்த்துச் சகிக்க முடியாதவர்கள் கதையில் கை வைக்கக்கூடாது. எனக்கு இதில் சமாதானமே கிடையாது.

ஆனாலும் செருப்புக் காணிக்கை நிற்கவில்லை. சனங்கள் ஒட்டை விட்டுவிட்டு மூலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அம்மா அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

இரண்டாம் பாகங்களுக்குப் போவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், அதில் நான் சொல்ல என்ன இருக்கிறது? எனக்கு ஆசை வேறு. சித்திரை பிறந்தால் உங்கள் பக்கத்து ஊர்களில் கொடை தொடங்கிவிடும். ராத்திரி முழுக்க வில்லடிக்கும் ஊர் எது என்று அம்மாவிடம் கேளுங்கள், தெரிந்திருக்கும். கொடை பெரும்பாலும் செவ்வாயிலும் வெள்ளியிலும்தான் வரும், சேர்ந்தாற்போல் லீவு விழும் வாரத்துக்காக எந்த ஊரும் அதைத் தள்ளிவைக்காது. கம்பெனியில் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வாருங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் முன்னால் உட்காருங்கள். கொலைக்கட்டம் வரும்போது அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு, அதை அப்படியே எனக்கு எழுதுங்கள்.