ஒரே வீடு, ஒரே நெட், ஆனால் பிரிண்டர் தெரியவில்லை

வீட்டு நெட்வொர்க், பிரிண்டர் ஷேரிங் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: ஒரு சாதனத்துக்கு இன்னொன்று தெரியவில்லை என்றால், பிரிண்டரை அணைத்து அணைத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டின் ஐபி முகவரியையும் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் இருக்கும் எண்) ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்தால் வரும், போனில் வைஃபை செட்டிங்ஸில் இருக்கும்.

மடிப்பாக்கத்தில் இருந்து ஒருவர்: மாடியில் சிக்னல் வரவில்லை என்று இரண்டாவதாக ஒரு ரவுட்டர் போட்டேன். நெட் பிரமாதமாக வருகிறது. ஆனால் கீழே இருக்கும் பிரிண்டர் மாடி லேப்டாப்பில் தெரியவே இல்லை. பிரிண்டர் கோளாறா?

பிரிண்டரில் ஒன்றும் இல்லை சார். கீழிருந்து வரும் கேபிளை மாடி ரவுட்டரின் இன்டர்நெட் போர்ட்டில் செருகியிருப்பீர்கள், அப்படிச் செருகினால் அது தன் பங்குக்குப் புதிதாக ஒரு நெட்வொர்க்கை உண்டாக்கிவிடும். கீழே 192.168.1.5, மாடியில் 192.168.0.5 என்று இருக்கும் பாருங்கள். சப்நெட் மாஸ்க் (முகவரியில் நெட்வொர்க்கைக் குறிக்கும் பகுதி எது என்று சொல்லும் எண்) 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்கள் தெருப் பெயர், கடைசி எண் கதவு எண். உங்கள் வீட்டில் இப்போது இரண்டு தெரு. 'இங்கே பிரிண்டர் இருக்கிறதா' என்று லேப்டாப் குரல் கொடுப்பது அந்தத் தெருவுக்குள் மட்டும்தான் கேட்கும், ரவுட்டர் அதைத் தாண்ட விடாது. ஆனால் மாடி லேப்டாப்பில் கீழ் பிரிண்டரின் ஐபியை நேரடியாகக் கொடுத்துச் சேர்த்தால் பெரும்பாலும் பிரிண்ட் ஆகிவிடும், ஏனென்றால் மேலிருந்து கீழே போக வழி உண்டு, கீழிருந்து மேலே வரத்தான் கிடையாது. சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் செய்யவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான்.

சரி, தீர்வு. மாடி ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (புது நெட்வொர்க் உண்டாக்காமல் கீழ் நெட்வொர்க்கையே வைஃபையாகத் தரும் முறை) இருந்தால் அதற்கு மாற்றுங்கள், முடிந்தது வேலை. இல்லையென்றால் அதில் டிஎச்சிபியை (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) நிறுத்துங்கள், அதன் சொந்த முகவரியைக் கீழ் ரவுட்டரின் தெருவிலேயே வேறு யாருக்கும் போகாத எண்ணாக வையுங்கள், அப்புறம் கேபிளை இன்டர்நெட் போர்ட்டில் இருந்து எடுத்து லேன் போர்ட்டில் (வீட்டுச் சாதனங்களைச் செருகும் துளை) செருகுங்கள். வரிசை முக்கியம். டிஎச்சிபியை நிறுத்தாமல் கேபிளை மாற்றினால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுத்து வீடே குழம்பிவிடும்.

திருவல்லிக்கேணியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்: வைஃபை பிரிண்டர். பத்து நாள் நன்றாக ஓடும், திடீரென்று ஆஃப்லைன் என்று காட்டும். அழித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால் சரியாகிறது.

முகவரி மாறுகிறது அண்ணே. ரவுட்டரின் டிஎச்சிபி முகவரியை வாடகைக்குத்தான் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்த பிறகு பிரிண்டருக்கு வேறு எண் கிடைக்கலாம், சிஸ்டமோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். நம் ஊரில் கதவில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதி வைக்கிறோம், தபால்காரர் கண்டுபிடித்துவிடுவார், கம்ப்யூட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ரவுட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று இருக்கும். அதில் பிரிண்டரின் மேக் அட்ரஸை (தயாரிக்கும்போதே சாதனத்துக்குக் கொடுக்கப்படும் அடையாள எண்) கொடுத்து ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். கடைசியாக ஒரு தடவை பிரிண்டரை அந்த ஐபியிலேயே சேருங்கள், பிறகு தொட வேண்டியதில்லை.

ராயபுரத்தில் இருந்து ஒரு மாணவர்: என் லேப்டாப்பில் 169.254 என்று ஆரம்பிக்கும் முகவரி வருகிறது. நெட் இல்லை.

டிஎச்சிபியிடம் கேட்டுப் பதில் வராததால் லேப்டாப் தானே வைத்துக்கொண்ட முகவரி அது, தம்பி. கேபிள், ரவுட்டர் இரண்டையும் பார், லேப்டாப்பை விட்டுவிடு.

பெரம்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்: ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டம் இருக்கிறது, புது சிஸ்டத்தில் இருந்து அதன் ஃபோல்டர் திறக்கவில்லை. எஸ்எம்பி 1ஐ (ஃபோல்டர் ஷேரிங்குக்கான பழைய முறை) ஆன் செய்தால் திறக்கும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். செய்யலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள் மேடம். திறக்கும் என்பது உண்மைதான், எக்ஸ்பிக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். ஆனால் 2017 மே மாதம் வானாகிரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்த எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, திருத்தம் கொடுத்திருந்தது, போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். ஊரார் கணக்கெல்லாம் உங்கள் சிஸ்டத்தில் இருக்கிறது. அந்த எக்ஸ்பியில் இருப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஹார்ட் டிஸ்கில் எடுத்துவிட்டு, அந்தச் சிஸ்டத்தை நெட்வொர்க்கில் இருந்தே கழற்றிவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முகப்பேரில் இருந்து ஒருவர்: வீட்டுக்கும் எதிர்ச் சாரியில் இருக்கும் கடைக்கும் 60 மீட்டர். ரிச்சி தெருவில் கேபிள் வாங்கி இழுக்கலாமா?

தூரம் பிரச்சினை இல்லை, கேட் 5இ கேபிளில் 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் போகும். பிரச்சினை ஐப்பசி, கார்த்திகை இடி. வெட்டவெளியில் தொங்கும் செப்புக் கம்பி இரண்டு பக்கத்து சாதனங்களையும் கொண்டுபோய்விடும், என் வீட்டிலேயே ஒரு நவம்பர் மாத மழையில் ஸ்விட்சும் அதில் சொருகியிருந்த சிஸ்டமும் ஒன்றாகப் போயின. கட்டடம் விட்டுக் கட்டடம் என்றால் ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) இழுத்து இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் சாதாரண நெட் கேபிளையும் இணைக்கும் பெட்டி) வையுங்கள், உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் இழுக்கும் கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா, மேலே மட்டும் செம்பு பூசிய அலுமினியமா என்று கேளுங்கள், முனையைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளையாகத் தெரிந்துவிடும்.

தாம்பரத்தில் இருந்து: போன் 5 ஜிகாஹெர்ட்ஸில், பிரிண்டர் 2.4இல். அதனால்தான் தெரியவில்லையா?

ஒரே ரவுட்டர் என்றால் இரண்டும் ஒரே நெட்வொர்க்தான், அது காரணம் இல்லை. போன் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். கெஸ்டில் இருப்பவருக்கு நெட் மட்டும் கிடைக்கும், வீட்டுச் சாதனங்கள் தெரியாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாஸ்வேர்ட் கேட்டால் கொடுப்பதற்கு அதுதான் சரியான இடம்.