காரின் ஈசியூவை (என்ஜினை இயக்கும் கம்பியூட்டர் பெட்டியை) மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது ஜப்பானில் இருந்து பாவித்து வந்த 2014ஆம் ஆண்டுக் கார். மார்கழி மழையில் களுவாஞ்சிக்குடியில் எங்கள் வளவுக்குள் வெள்ளம் ஏறி, காரின் கால் விரிப்பு நனைந்துவிட்டது. அதன்பிறகு சில காலைகளில் ஸ்டார்ட் ஆகாது, டாஷ்போட்டில் லைட்டெல்லாம் எரியும். மத்தியானம் பார்த்தால் நன்றாக ஓடும். கராஜில் ஸ்கான் பண்ணினால் யூ0100 என்ற கோளாறுக் குறியீடு வருகிறது. ஈசியூ போய்விட்டதாம், பாவித்த ஒன்றை 85,000 ரூபாவுக்கு எடுத்துத் தருவார்களாம். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். உங்கள் காரில் இருப்பது ஒரே ஒரு கம்பியூட்டர் அல்ல. என்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, எயார்பேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று என்று பல பெட்டிகள். இவை எல்லாம் முறுக்கிய இரண்டு வயர்களில்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன. கான் என்ற இந்த முறையை பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. யூ0100 என்பது மற்றப் பெட்டிகள் சொல்லும் முறைப்பாடு: "என்ஜின் பெட்டியின் குரல் கேட்கவில்லை." குரல் கேட்காததற்கு அந்தப் பெட்டி செத்திருக்க வேண்டும் என்றில்லை. அதற்குக் கரண்ட் போகாமல் இருக்கலாம், எர்த் விட்டிருக்கலாம், அந்த இரண்டு வயரில் ஒன்று அரித்திருக்கலாம்.

காலையில் மறுத்து மத்தியானம் ஓடுகிறது என்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய தடயம். ஈரம் காய்ந்ததும் சரியாகும் கோளாறு என்றால் கனெக்டரையும் எர்த்தையும்தான் முதலில் சந்தேகிப்பேன். வெள்ளத் தண்ணீர் புகுந்த கனெக்டரில் பச்சை பிடிப்பது நம்முடைய பக்கத்தில் புதிதல்ல.

ஆகவே முதலில் பற்றரி. நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. அப்புறம் ஈசியூவுக்கான பியூஸ், ரிலே, எர்த் போல்ட். கடைசியாக, பற்றரியைக் கழற்றிவிட்டு, ஸ்கானர் செருகும் 16 பின் சொக்கட்டில் 6ஆம், 14ஆம் பின்களுக்கு இடையே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால் வயர் எங்கோ அறுந்திருக்கலாம். இதைக் கோளாறு வந்திருக்கும் காலையிலேயே செய்ய வேண்டும், மத்தியானம் அளந்து பிரயோசனமில்லை.

இவ்வளவும் சரியாக இருந்து, ஈசியூவின் கனெக்டரில் கரண்டும் எர்த்தும் வந்தும் அது பேசவில்லை என்றால்தான் பெட்டியில் கையை வையுங்கள். அப்போதும் பழைய பெட்டியில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரும் புதிதில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் என்ஜினை ஓடவிடாத பூட்டு) உள்ள காரென்றால் வேறு காரின் ஈசியூ உங்கள் சாவியை ஏற்காது, சாவியோடு பொருத்தும் கோடிங் செய்ய வேண்டும். அந்தச் செலவு 85,000க்குள் அடங்குமா, பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். தகராறு வந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம், அங்கும் முதலில் கேட்பது அந்தப் பற்றுச்சீட்டைத்தான்.

கேள்வி: போனோடு இணைக்கும் சின்ன ஸ்கானர் வாங்கினால் நானே பார்க்கலாமா?

பதில்: என்ஜினின் கோளாறுக் குறியீட்டைப் பார்க்கலாம். பிரேக், எயார்பேக் பெட்டிகளை மலிவானவை பெரும்பாலும் வாசிக்காது. ஒன்று மட்டும்: அந்தக் குறியீட்டை அழித்துவிடாதீர்கள். கோளாறு வந்த நேரத்து வேகம், வெப்பம் போன்ற பதிவும் சேர்ந்தே அழிந்துவிடும், மெக்கானிக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.