நுரை பொங்கினால் பர்னர் சுத்தமாகிவிடுமா?

கேள்வி: ஆப்ப சோடா, வினிகர், ஈனோ எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு கேஸ் அடுப்பு பர்னர்களை ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். நுரை பொங்கியதே தவிர பிசுக்கு போகவில்லை, ஒரு பர்னர் கறுத்தே போய்விட்டது. கை வலிக்கத் தேய்க்காமல் வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்த நுரையை மறந்துவிடுங்கள். சோடா காரம், வினிகர் அமிலம், இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், பொங்குவது வெறும் கரியமில வாயுதான், அது அடங்கியதும் பாத்திரத்தில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். ஈனோவிலும் சோடாவும் சிட்ரிக் அமிலமும்தான் இருக்கின்றன, அதனால் அங்கேயும் இதே கதை.

அப்புறம், பர்னரைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சளாக, நல்ல கனமாக இருந்தால் பித்தளை. வெள்ளையாக, லேசாக இருந்தால் அலுமினியக் கலவை. உங்களுக்குக் கறுத்தது பெரும்பாலும் இரண்டாவது வகையாகத்தான் இருக்கும், ஏனென்றால் காரத்தில் நேரம் போக ஊறினால் அலுமினியம் கறுக்கும். பார்க்க நன்றாக இருக்காது, மற்றபடி துவாரங்கள் சரியாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சரி, செய்முறை. ரெகுலேட்டரை மூடி, பர்னர் நன்றாக ஆறிய பிறகு எடுங்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், அதில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு ஸ்பூன், பித்தளை என்றால் மட்டும் கூடவே ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா, இதில் அரைமணி நேரம் கிடக்கட்டும். பிசுக்கு இளகி, பழைய பல் பிரஷ்ஷுக்கே வந்துவிடும். எண்ணெய் போன பிறகுதான் புளி. பிசுக்கின் மேலேயே புளியைப் போட்டுத் தேய்ப்பதால்தான் பலருக்குக் கை வலிக்கிறது, எண்ணெய்ப் படலத்தைத் தாண்டி அமிலம் உலோகத்தைத் தொடவே முடியாது. நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்துப் பித்தளை பர்னரை 10, 15 நிமிடம் போட்டாலே பளிச்சென்று ஆகிவிடும், ராத்திரி முழுக்க விட்டால் செம்பு மாதிரி சிவந்துபோகும். அலுமினியத்துக்குப் புளியும் வேண்டாம், சோப்பு வெந்நீரே போதும்.

கழுவியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு துவாரமாகப் பாருங்கள். பொங்கிய பால் காய்ந்து சில துவாரங்களில் பழுப்பாக அடைத்துக்கொண்டிருக்கும். ஊக்கு முனையால் மெல்லக் குத்தினால் உதிர்ந்துவிடும். ஈர்க்குச்சி வேண்டாம், உள்ளேயே முறிந்துகொண்டால் இன்னொரு வேலை. அடுப்புக்குள் கேஸ் வரும் ஜெட்டை மட்டும் ஊக்கால் தொடவே தொடாதீர்கள், அந்தத் துவாரம் கொஞ்சம் அகன்றாலும் கேஸ் அதிகமாக வந்து பாத்திரத்தில் கரி பிடிக்கும்.

ஈரம் துளிகூட இல்லாமல் காயவைத்து, ஆடாமல் பொருத்துங்கள். பற்றவைத்ததும் சுடர் நீலமாக வர வேண்டும். சாம்பார் பொங்கிய இடத்தில் உப்பு ஒட்டியிருந்தால் கொஞ்ச நேரம் மஞ்சளாக எரியும், அதற்குப் பயப்படாதீர்கள். ஆனால் சுத்தம் செய்த பிறகும் தொடர்ந்து மஞ்சளாகவே எரிந்தால் காற்று சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம், அதை அடுப்பு மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். கேஸ் வாடை வந்தால் பற்றவைக்கவே வேண்டாம், கரண்ட் ஸ்விட்ச் எதையும் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906க்கு போன் செய்யுங்கள்.