அரசு இடம், ஆனால் யார் பொறுப்பு? – வாசகர் கேள்விகள்

எங்கள் தெரு முனையில் அரசு நிலம் ஒன்று சும்மா கிடக்கிறது. குப்பை மலையாகிவிட்டது. யாரிடம் சொல்வது? – கொடுங்கையூர் வாசகர்

தெருப் பெயர் இல்லை, வார்டு எண் இல்லை. இதை வைத்து நான் என்ன சொல்ல முடியும்? எத்தனை தடவை எழுதிவிட்டேன்: சர்வே எண் இல்லாமல் மனு எழுதாதீர்கள். தாலுகா அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டைப் பாருங்கள். அதில் எந்தத் துறை பெயர் இருக்கிறதோ, அந்தத் துறைக்கு எழுதுங்கள். குப்பையை அள்ள மட்டும் என்றால் மாநகராட்சியின் 1913 போதும்.

ரயில்வே இடத்தில் ஆக்கிரமிப்பு. கலெக்டரிடம் மூன்று மனு கொடுத்தும் பலனில்லை. – பெரம்பூர் வாசகர்

முப்பது கொடுத்தாலும் இதே கதைதான். மத்திய அரசு இடங்களுக்கு 1971-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. வெளியேற்ற உத்தரவு போடுவது அதன்படி நியமிக்கப்பட்ட எஸ்டேட் அதிகாரி. ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். அதற்கு முன், அது ரயில்வே இடம்தானா என்று சர்வே எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் (பழைய குடிசை மாற்று வாரியம்) குடியிருப்பில் உள்ள சமுதாயக்கூடம் பூட்டியே கிடக்கிறது. வாரியம் மாநகராட்சியைக் கை காட்டுகிறது, மாநகராட்சி வாரியத்தைக் கை காட்டுகிறது. – தண்டையார்பேட்டை வாசகர்

என் சர்வீஸ் முழுக்க நான் மல்லுக்கட்டியது இதோடுதான். நிலம் ஒரு துறையுடையது, நிதி இன்னொரு இடத்திலிருந்து வந்தது, டெண்டர் விட்டது மூன்றாவது அலுவலகம். கட்டி முடித்து ரிப்பன் வெட்டுகிறார்கள். சாவி யாரிடம், கரண்ட் பில் யார் கட்டுவது, கூரை ஒழுகினால் எந்தப் பொறியாளர் வர வேண்டும் என்று ஒரு தாளிலும் எழுதுவதில்லை. சில இடங்களில் நுழைவு அனுமதியை, அதாவது நிலத்தில் வேலை தொடங்க மட்டும் தரும் அனுமதியை வைத்தே கட்டடம் எழும்பிவிடும். நிலத்தை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்றும் ஆணை வராமலேயே போய்விடும். பதிவேட்டில் பழைய துறையின் பெயரே நிற்கும்.

வடசென்னையில் ஒரு பம்ப் அறைக்காக நான்கு அலுவலகங்கள் ஒன்றரை வருடம் கடிதம் எழுதிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் ராத்திரி அதன் சிலாப் விழுந்தது. பகல் முழுக்க அங்கே பிள்ளைகள் விளையாடுவார்கள். அந்தக் கோப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கட்டடத்தை யார் யாரிடம் ஒப்படைத்தார்கள் என்று சொல்லும் ஒப்படைப்புச் சான்று என்ற ஒரு தாள் இல்லை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

நீங்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். நிலம் யார் பெயரில் இருக்கிறது, ஒப்படைப்புச் சான்றின் நகல், இன்றைக்குக் கட்டடத்துக்குப் பொறுப்பான அதிகாரியின் பதவி, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். ஆள் பெயர் வேண்டாம், அவர் மாற்றலாகிப் போய்விடுவார். “எங்களுடையது இல்லை” என்று திருப்பி அனுப்ப முடியாது; பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். ஒப்படைப்புச் சான்று இல்லை என்று பதில் வந்தால் அதையே இணைத்து மாநகராட்சி ஆணையர், வாரிய மேலாண்மை இயக்குநர் இருவருக்கும் ஒரே கடிதமாக எழுதுங்கள்.

பக்கிங்காம் கால்வாய் ஓரம் 25 வருடமாகக் குடியிருக்கிறோம். உரிமை கேட்கலாமா? – கொருக்குப்பேட்டை வாசகர்

முடியாது. நீண்ட நாள் அனுபவத்தை வைத்து உரிமை கேட்க 12 வருடம் என்பது தனியார் நிலத்துக்கு. அரசு நிலத்துக்குக் கெடு 30 வருடம். அதுவும் நீர்நிலைப் புறம்போக்கில் பட்டாவை எதிர்பார்க்காதீர்கள். வரி ரசீதும் இ.பி. கார்டும் உரிமைப் பத்திரம் ஆகாது. மாற்று வீட்டுக் கணக்கெடுப்பு நடந்திருந்தால் உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

வாரிய வீட்டில் தூண் விரிசல் விட்டிருக்கிறது. பத்திரம் கொடுத்தாகிவிட்டது, இனி உங்கள் பொறுப்பு என்கிறார்கள். – திருவொற்றியூர் வாசகர்

யார் பொறுப்பு என்ற சண்டையை அப்புறம் பார்க்கலாம். முதலில் வீட்டை விட்டு வெளியே வாருங்கள். 2021 டிசம்பர் 27 அன்று உங்கள் ஊரிலேயே வாரியத்தின் 24 வீடுகள் கொண்ட பிளாக் இடிந்தது. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியேறியதால்தான் எல்லோரும் பிழைத்தார்கள். வாரியச் செயற்பொறியாளருக்கு இன்றே போட்டோவோடு எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

கோயில் குளம் அரசுச் சொத்துதானே? – அதே ஊர், இன்னொரு வாசகர்

பொதுவாக இல்லை. கோயில் சொத்து கோயிலுடையது, அறநிலையத் துறை நிர்வாகம் மட்டும் பார்க்கிறது. கோயிலின் செயல் அலுவலரிடம் மனு கொடுங்கள், சர்வே எண்ணோடு.