மைவான் வீட்டில் சமையலறைச் சுவரை எடுக்கலாமா?

கேள்வி: சென்னை நாவலூரில் 19 மாடிக் கட்டடத்தில் ஒன்பதாவது மாடியில் வீடு வாங்கியிருக்கிறோம். மைவான் முறையில் கட்டியது என்றார்கள். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே உள்ள சுவரை ஐந்தடிக்கு எடுத்துவிட்டால் ஓப்பன் கிச்சன் ஆகிவிடும் என்கிறார் எங்கள் இன்டீரியர் கான்ட்ராக்டர். பில்டர் கூடாது என்கிறார். ஏழாவது மாடியில் எடுத்து ஒரு வருடம் ஆகிறது, ஒன்றும் ஆகவில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: பில்டர் சொல்வதைக் கேளுங்கள். ஐந்தடி என்ன, சாப்பாட்டுத் தட்டு நீட்டுகிற அளவுக்குக்கூட அந்தச் சுவரில் திறப்பு வைக்காதீர்கள்.

நாம் வளர்ந்த நாலு மாடி ஃபிளாட்டுகளில் பாரத்தைத் தாங்குவது பில்லரும் பீமும். இடையில் இருக்கும் செங்கல் சுவர் அறையைப் பிரிக்க மட்டும்தான். மைவான் அப்படியில்லை. கம்பி கட்டி, அலுமினிய அச்சு மாட்டி, சுவரையும் மேல்தளத்தையும் சேர்த்தே கான்கிரீட் ஊற்றிவிடுகிறார்கள். உங்கள் ஹாலில் நின்று அண்ணாந்து பாருங்கள், பெரும்பாலும் பீம் எதுவும் துருத்திக்கொண்டு தெரியாது. அங்கே சுவர்தான் பில்லர். உங்களுக்கு மேலே இருக்கும் பத்து மாடிகளின் எடை அதன் வழியாகத்தான் கீழே இறங்குகிறது.

எடையோடு கதை முடியவில்லை. உயரமான கட்டடத்தைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். சென்னையில் கட்டடம் வடிவமைக்க எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நிலநடுக்க வரைபடத்திலும் 2002-ல் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். இந்தத் தள்ளலை வாங்கிக்கொள்வதற்காகவே அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரை ஒரே நேர்கோட்டில் சுவர்களை எழுப்புகிறோம். ஏழாவது மாடியில் சுவரை வெட்டியதும் அதன் பாரம் பக்கத்துச் சுவருக்குப் போயிருக்கும். அது இன்று தாங்குகிறது என்றால், புயலுக்கும் நில அதிர்வுக்கும் கையிருப்பாக வைத்திருந்த பலத்தைச் செலவழித்துத் தாங்குகிறது. அமைதியாகப் போன ஒரு வருடம் எதற்கும் சான்றிதழ் ஆகாது.

2022 பிப்ரவரியில் குருகிராமில் ஓர் உயர்மாடிக் குடியிருப்பில் ஆறாவது மாடி வீட்டில் சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது தளம் சரிந்தது. அதன் அடியில் இருந்த வீடுகளின் தளங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. இருவர் இறந்தார்கள். கான்கிரீட்டில் இருந்த குளோரைடு உப்பால் கம்பி துருப்பிடித்ததுதான் அடிப்படைக் காரணம் என்று பிறகு ஆய்வில் தெரிந்தது. வெளியே இருந்து பார்த்தவர் யாருக்கும் அது தெரிந்திருக்காது.

இனி உங்கள் கான்ட்ராக்டர். சுவரை விரலால் தட்டிப் பார்த்து ‘இது வெறும் பார்ட்டிஷன் சார்’ என்று சொல்பவரை உடனே அனுப்பிவிடுங்கள். கட்டமைப்பு வரைபடத்தைப் பார்க்காமல் அதைச் சொல்லப் பொறியாளரான எனக்கே முடியாது. இவர்களில் சிலர், குடியிருப்போர் சங்கம் கேட்டால் காட்ட, கட்டடத்தின் உறுதிக்குக் குறைவில்லை என்று ‘ஸ்டெபிலிட்டி லெட்டர்’ ஒன்றும் வாங்கித் தருவார்கள். வீட்டுப் பக்கமே வராத ஒரு பொறியாளர் அதில் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தக் காகிதத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். சிம்னிக்கும் ஏசிக்கும் மெஷினால் வட்டத் துளை (கோர் கட்டிங்) போடுவது, வயர் இழுக்கச் சுவரில் நீளப் பள்ளம் எடுப்பது எல்லாமே உள்ளே இருக்கும் கம்பியை அறுக்கும். பில்டர் விட்டுவைத்த துளைகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மைவான் கட்டடத்திலும் சில சிறு சுவர்களைப் பின்னால் பிளாக் வைத்துக் கட்டியிருப்பார்கள். பைப் போகும் டக்ட்டை மூடும் சுவர், வாஷ் ஏரியாவின் அரைச்சுவர் மாதிரி. உங்கள் சுவர் அப்படிப்பட்டதா என்று ஊகிக்க ஒரு வழி சொல்கிறேன். மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு சுவிட்ச் போர்டின் மூடியைக் கழற்றுங்கள். பெட்டியின் ஓரத்தில் இறுகிய சாம்பல் நிறக் கான்கிரீட் தெரிந்தால் பேச்சே இல்லை. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டியதும் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் எடை குறைந்த ஏஏசி பிளாக்காக இருக்கலாம். ஆனால் பிளாக்கிலேயே இன்னொரு வகையான கான்கிரீட் சாலிட் பிளாக்கும் சாம்பல் நிறம்தான். அதனால் இது வெறும் துப்பு, தீர்ப்பு இல்லை. அந்தச் சுவர் கட்டமைப்பில் சேராதது என்று வரைபடம் சொல்ல வேண்டும், அதை வடிவமைத்த பொறியாளர் எழுதித் தர வேண்டும். அதற்குப் பிறகும் உள்ளே ஓடும் பைப்பையும் வயரையும் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும். உங்கள் சமையலறைச் சுவர் இந்த வகையில் வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

அந்த வரைபடம் எங்கே என்று கேட்பீர்கள். பல லட்சம் வாங்கிக்கொண்டு வண்ண வண்ண புரோஷர் தருகிறார்கள், எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்று காட்டும் ஒரு தாளைத் தருவதில்லை. பணிநிறைவுச் சான்று வந்த 30 நாளில் வரைபடங்களையும் ஆவணங்களையும் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 17-ஆம் பிரிவே சொல்கிறது. சங்கம் கேட்பதில்லை, பில்டரும் கொடுப்பதில்லை. 2014-ல் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த உயர்மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்த பிறகும், சாவி கைமாறியபின் வீட்டுக்குள் என்ன இடிக்கிறார்கள் என்று பார்க்க ஓர் ஆள் கிடையாது. எத்தனை முறை சொன்னாலும் ஆறவில்லை எனக்கு.

இன்னொன்று. கட்டமைப்புக் குறைகளை ஐந்து வருடம் வரை இலவசமாகச் சரிசெய்ய வேண்டியது பில்டரின் பொறுப்பு. நீங்கள் சுவரில் கை வைத்த நாளே ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்று அவர் கையை விரித்துவிடுவார்.

சமையலறை திறந்த மாதிரி இருக்க வேண்டுமென்றால் கதவையும் மரச்சட்டத்தையும் எடுத்துவிட்டு, இருக்கும் வாசலை அப்படியே விடுங்கள். ஆனால் வாசலை உயர்த்துவதற்காக அதன் மேலே உள்ள கான்கிரீட்டை வெட்டக் கூடாது. இரண்டு பக்கச் சுவர்களையும் இணைத்துப் பிடிப்பது அதுதான்.

ஏழாவது மாடி விஷயத்தைச் சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள், நகலைப் பில்டருக்கும் அனுப்புங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மனம் கோணுமே என்று தயங்காதீர்கள். கட்டடத்தை வடிவமைத்த நிறுவனமே நேரில் வந்து பார்த்து, வெட்டிய இடத்தை எப்படிப் பலப்படுத்துவது என்று சொல்ல வேண்டும். அது நடக்கும்வரை அந்த வீட்டின் மேலும் கீழும் உள்ளவர்கள் சுவரிலோ மேல்தளத்திலோ புது விரிசல் தெரிகிறதா, கதவு ஜன்னல் திடீரென்று இறுகுகிறதா என்று கவனித்து, தெரிந்தால் அன்றே போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளட்டும்.