மூன்றாம் நாளே குமிழி நின்றுவிட்டது, பாட்டிலில் ஊற்றலாமா?

வணக்கம் சகோதரரே. வீட்டில் வாளியில் 20 லிட்டர் பீர் போட்டு மூன்றாம் நாளே ஏர்லாக்கில் (மூடியில் வாயு வெளியேற வைக்கும் குழாய்) குமிழி நின்றுவிட்டது, திறந்தால் நெயில் பாலிஷ் மாதிரி வாடை, இன்றே பாட்டிலில் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். குமிழி நின்றால் நொதித்தல் முடிந்தது என்று அர்த்தமில்லை, மூடி சரியாக அடைக்காவிட்டாலும் வாயு பக்கவாட்டில் போய்விடும். ஹைட்ரோமீட்டரில் (சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மிதவைக் கருவி) பாருங்கள், மூன்று நாள் ஒரே அளவு காட்டினால்தான் முடிந்தது. மிச்சச் சர்க்கரையோடு அடைத்தால் கண்ணாடி வெடிக்கும், வீட்டில் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள் என்கிறீர்கள்.

வாடைக்குக் காரணம் பெரும்பாலும் சூடுதான். நானும் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் தகரக் கூரை வீட்டில்தான் இருக்கிறேன், மத்தியானம் சமையலறை 33 டிகிரி தாண்டும். சாதாரண ஏல் (ஒரு வகை பீர்) ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரிதான் தோது, அதுவும் நொதிக்கும்போது வாளிக்குள் இன்னும் சில டிகிரி ஏறும். அந்த வாடை முழுசாகப் போகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த முறை வாளியைத் துணி துவைக்கும் பேசினில் தண்ணீருக்குள் வைத்து, ஈரத் துண்டு சுற்றி, காற்றாடியைத் திருப்பிவிட்டு, காலை மாலை ஐஸ் பாட்டில் மாற்றுங்கள். முதல் மூன்று நாள்தான் முக்கியம். அது சிரமம் என்றால் நோர்வே நாட்டு க்வைக் ஈஸ்ட் வாங்குங்கள், 30 டிகிரிக்கு மேலும் சுத்தமாக நொதிக்கும், நம் ஊருக்கு அதுதான் சரி.

அப்புறம், நொதித்தல் முடிந்து பாட்டிலில் ஊற்றும்போது, பீரில் வாயு ஏற 20 லிட்டருக்கு 120 கிராம் சீனி போதும், தராசில் நிறுத்துப் போடுங்கள்.