வயதான பெற்றோருடன் டிஸ்னி வேர்ல்டு: நிற்கும் நேரத்தைக் குறையுங்கள், உட்காரும் நேரத்தைக் கூட்டுங்கள்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து என் பெற்றோர் முதல் முறையாக ஜூன் கடைசியில் வருகிறார்கள். ஆறு மாதம் இருப்பதாகத் திட்டம். அப்பாவுக்கு 72 வயது. சர்க்கரை நோய் உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. ஜூலையில் பிள்ளைகளின் விடுமுறையில் எல்லோரும் ஆர்லாண்டோவின் டிஸ்னி வேர்ல்டுக்குப் போய், நான்கு நாளில் நான்கு பூங்காக்களையும் பார்த்துவிட நினைக்கிறோம். வீல்சேர் என்றாலே அம்மா கோபப்படுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: அழைத்துப் போங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் ஜூலையில் வேண்டாம், நான்கு நாளில் நான்கு பூங்காவும் வேண்டாம்.

"தஞ்சாவூர் வெயிலைப் பார்த்தவனுக்கு இது எம்மாத்திரம்?" என்று அப்பா கேட்கக்கூடும். தஞ்சாவூரில் உச்சி வெயில் நேரத்தில் அவர் மின்விசிறிக்கு அடியில் இருப்பார். ஆர்லாண்டோவில் அதே நேரத்தில் 33 டிகிரி வெயிலிலும் புழுக்கத்திலும் வரிசையில் நின்றுகொண்டிருப்பார். கோடைக்காலப் பிற்பகல்களில் அங்கு இடி மழை அடிக்கடி வரும். மின்னல் நெருங்கினால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அத்தனை கூட்டமும் கூரையுள்ள இடங்களைத் தேடி ஓடும். முழங்கால் வலியுள்ளவர் அந்த நெரிசலில் அகப்படக் கூடாது.

உங்களுக்கு நவம்பர், டிசம்பர் கையில் இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் ஆசிரியர் மாநாட்டுக்காக நியூ ஜெர்சிப் பள்ளிகளுக்கு இரண்டு நாள் விடுமுறை வருமே, அது உடனே நினைவுக்கு வரும். ஆனால் உங்கள் மாநிலத்தில் பாதிப்பேர் அதே வாரத்தில்தான் ஆர்லாண்டோவுக்குக் கிளம்புகிறார்கள். முடிந்தால் நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் (தாங்க்ஸ்கிவிங்) வாரம் கழிந்து டிசம்பர் முதல் பாதியில் போங்கள். பிள்ளைகள் இரண்டு மூன்று நாள் பள்ளியை விட்டாலும் பாதகமில்லை. பெற்றோர் நாட்டுக்குள் நுழையும்போது குடியேற்ற அதிகாரி எந்தத் தேதி வரை தங்க அனுமதித்திருக்கிறார் என்பதைப் பார்த்த பிறகு முன்பதிவு செய்யுங்கள்.

அந்தப் பருவத்தில் இன்னொரு வசதியும் உண்டு. நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்தில் சில இரவுகளில் தனிக் கட்டணத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் நடக்கும். அந்த நாள்களில் சாதாரண டிக்கெட்காரர்களுக்குப் பூங்கா மாலை ஆறு மணியோடு முடிந்துவிடும். வாணவேடிக்கை பார்க்க முடியாது என்பதால் பலர் அன்று வரமாட்டார்கள். பகலில் கூட்டம் குறைந்திருக்கும். இரவு எட்டு மணிக்கே கண் சொருகும் பெற்றோருக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. வாணவேடிக்கை கட்டாயம் வேண்டுமென்றால் வேறோர் இரவில், பூங்காவுக்கு எதிரே உள்ள ஏரியின் இக்கரையில், படகுத்துறை இருக்கும் பக்கத்திலிருந்து பாருங்கள். தூரத்தில்தான் தெரியும், ஆனால் முடிந்ததும் பல்லாயிரம் பேர் ஒன்றாக வெளியேறும் நெரிசலில் அம்மா சிக்கமாட்டார்.

டிஸ்னி வேர்ல்டின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர். ஒரு பூங்காவை மட்டும் நாள் முழுக்கச் சுற்றினாலே பத்து கிலோமீட்டர் நடை சாதாரணமாகச் சேர்ந்துவிடும். ஐந்து நாள் ஒதுக்கி, பெற்றோரை மூன்று பூங்காக்களுக்கு மட்டும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு நாள் பூங்கா, மறுநாள் ஓய்வு. பூங்கா நாளிலும் கதவு திறக்கும்போது உள்ளே போய், பகல் ஒரு மணிக்கெல்லாம் அறைக்குத் திரும்பிவிடுங்கள். நான்காவது பூங்காவான ஹாலிவுட் ஸ்டூடியோஸின் பெருமை பெரும்பாலும் அதிரடி ரைடுகளில்தான் இருக்கிறது; பெற்றோர் ஓய்வெடுக்கும் நாளில் பிள்ளைகளோடு நீங்கள் மட்டும் போய்வரலாம்.

மற்ற மூன்றில் எப்காட்டை விட்டுவிடாதீர்கள், குறிப்பாக அப்பாவுக்காக. அங்கே 'லிவிங் வித் த லேண்ட்' என்ற படகுச் சவாரி இருக்கிறது. படகு மெதுவாகக் கண்ணாடிக் கூடங்களுக்குள் நுழையும். மண்ணில்லாமல் நீரில் வளரும் செடிகள், அந்தரத்தில் தொங்கும் கொடிகள், வாழை, பப்பாளி என்று கால் மணி நேரம் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். காவிரிப் படுகையில் பிறந்தவர் அதில் கேட்கும் கேள்விகளுக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது, தயாராக இருங்கள். அதே பூங்காவில் 'அமெரிக்கன் அட்வென்ச்சர்' என்ற அரை மணி நேர அரங்கக் காட்சியும் உண்டு. ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. முழுச்சுற்று ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். அதில் பாதி போதும்.

மேஜிக் கிங்டத்தில் 'கரோசல் ஆஃப் ப்ராக்ரஸ்' என்ற அரங்கக் காட்சியைப் பாருங்கள். 1964ஆம் ஆண்டின் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவானது. மேடை அசையாது, நாம் உட்கார்ந்திருக்கும் அரங்கம்தான் சுற்றும். எரிவாயு விளக்குக் காலம் தொடங்கி ஒரு குடும்பத்துக்குள் மின்சாரமும் கருவிகளும் எப்படி நுழைந்தன என்பதுதான் கதை. ஆங்கிலம் முழுதாகப் புரியாவிட்டாலும் கதை புரியும். அனிமல் கிங்டத்தில் விலங்குகளைப் பார்க்கும் 'கிலிமஞ்சாரோ சஃபாரிஸ்' வண்டிச் சவாரி காலையிலேயே போக வேண்டியது. வண்டி குலுங்கும், பின் வரிசைகளில் கூடுதலாக. முன்பக்கம் இடம் கேளுங்கள். அங்கேயே 'மகாராஜா ஜங்கிள் ட்ரெக்' பாதையில் புலிகளைப் பார்க்கலாம், வீல்சேரும் போகும்.

அப்பாவின் ஸ்டென்ட் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இதயம், முதுகு, கழுத்துப் பிரச்சினை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று பலகை வைத்த எதிலும் அவர் ஏறக் கூடாது. பேரன் கையைப் பிடித்து இழுத்தால் எந்தத் தாத்தாவும் மறுக்கமாட்டார். எனவே இதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள், பேரனிடமும் சொல்லிவையுங்கள். ரோலர் கோஸ்டர் மட்டும்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே ஆட்டித் திரையைக் காட்டும் ரைடுகள் தலைசுற்றலையும் வாந்தியையும் கொண்டுவரும். நகரும் பாதையில் நடந்தபடி ஏற வேண்டிய ரைடுகளும் உண்டு: 'ஹான்டட் மேன்ஷன்', 'ஸ்பேஸ்ஷிப் எர்த்', 'பீப்பிள்மூவர்'. ஏறுவதற்கு முன்பே ஊழியரிடம் சொன்னால் முதல் இரண்டிலும் வேகத்தைக் குறைப்பார்கள். புடவைக் கொசுவமும் செருப்பும் அங்கே ஒத்துவராது. அம்மாவுக்குச் சுடிதாரும், பழகிய நடைக் காலணியும் எடுத்துவையுங்கள்.

இனி வீல்சேர். பூங்கா வாசலில் போய் அம்மாவிடம் கேட்காதீர்கள். அங்கே கேட்டால் "எனக்கென்ன, நடக்கிறேன்" என்றுதான் சொல்வார். சொன்ன சொல்லை மாற்ற முடியாமல் இரண்டு மணி நேரம் வலியோடு நடந்து, இரவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். வீட்டிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள்: நாற்காலி குடும்பத்துக்காக வருகிறது, பை அதில் போகும், வலிக்கும்போது நீங்கள் உட்காருங்கள், மற்ற நேரம் நடங்கள், அப்பாவும் உட்காரலாம். இப்படிச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய இயலாமைக்கு அடையாளமாக அந்த நாற்காலி நிற்பதுதான் அவர்களைப் புண்படுத்துகிறது.

பூங்காவுக்குள் வாடகைக்குக் கிடைக்கும் நாற்காலியை வெளியே கொண்டுவர முடியாது. பேருந்திலிருந்தும் வண்டி நிறுத்துமிடத்திலிருந்தும் வாசல்வரை பெரும்பாலும் நடக்க வேண்டியிருக்கும். அதனால் மடக்கக்கூடிய எடை குறைந்த நாற்காலி ஒன்றை வாங்கி வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. விமானத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது. மின்சார ஸ்கூட்டர் வேண்டாம். பழக்கமில்லாதவர் குழந்தைகள் குறுக்கே ஓடும் கூட்டத்தில் அதை ஓட்டுவது எல்லோருக்கும் ஆபத்து.

வீல்சேர் இருந்தால் வரிசையின் முன்னால் விட்டுவிடுவார்கள் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அப்படியில்லை. பெரும்பாலான ரைடுகளில் நாற்காலியோடு அதே வரிசையில்தான் போக வேண்டும். வரிசையில் நிற்காமல் காத்திருக்கும் சலுகையும் 2024 முதல் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கென்று சுருக்கப்பட்டுவிட்டது. முழங்கால் வலிக்குக் கிடைக்காது. காசு கொடுத்து விரைவு வரிசையில் போகும் 'லைட்னிங் லேன்' உண்டு. அதை ஆறு பேருக்கும் வாங்காதீர்கள். பிள்ளைகளுக்கும் உடன் போகும் ஒருவருக்கும் வாங்கினால் போதும். அந்த நேரத்தில் இன்னொருவர் பெற்றோரோடு குளிரூட்டிய அரங்கில் உட்கார்ந்திருக்கலாம். அரங்குகளில் குளிர் கடுமையாக இருக்கும். ஆளுக்கொரு சால்வை வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. வெளி உணவைக் கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. தயிர்சாதமும் எலுமிச்சைச் சாதமும் கட்டி எடுத்துப் போங்கள். அதற்காகவே சமையலறை உள்ள அறையாகப் பாருங்கள். சோடா இயந்திரம் உள்ள விரைவு உணவுக் கடைகளில் குளிர்ந்த நீரை இலவசமாகத் தருவார்கள். நிறைய நடக்கும் நாளில் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். அப்பாவின் சட்டைப் பையிலேயே குளுக்கோஸ் இருக்கட்டும், உங்கள் பையில் இருந்தால் பயனில்லை. ஒவ்வொரு பூங்காவிலும் முதலுதவி மையம் உண்டு. இன்சுலின் இருந்தால் அங்கே குளிரில் வைத்துத் தருவார்கள். ஒருவர் துணையோடு செல்லக்கூடிய தனிக் கழிப்பறைகளும் இருக்கின்றன; உள்ளே நுழைந்ததும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு நாளில் சும்மா அறையில் அடைந்திருக்க வேண்டாம். அனிமல் கிங்டம் லாட்ஜ் விடுதியில் 'சனா' என்ற உணவகம் இருக்கிறது. இந்தியச் சுவை கலந்த ஆப்பிரிக்கச் சமையல். வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேய்வதைப் பார்த்தபடி 'நான்' ரொட்டியும் சட்னி வகைகளும் சாப்பிடலாம். பூங்கா டிக்கெட் தேவையில்லை, மேசையை மட்டும் முன்பதிவு செய்ய வேண்டும். 'ஸ்கைலைனர்' கம்பிவடப் பெட்டியில் ஏறிச் சுற்றுவதற்கும் கட்டணம் இல்லை.

விலையை அவர்களிடம் சொல்லாதீர்கள். ஒரு நாள் டிக்கெட்டே ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். அப்பா அதை ரூபாயில் பெருக்கிவிட்டால், கொடுத்த காசுக்குப் பார்த்தே தீரவேண்டும் என்று வலியை மறைத்து நடப்பார்.

புறப்படும் முன், அப்பாவின் இதய மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி மருந்துப் பட்டியலைப் பெயர், அளவோடு எழுதி வாங்குங்கள். பெற்றோருக்கு எடுத்த பயணக் காப்பீட்டில், ஏற்கெனவே இருக்கும் நோய் திடீரென முற்றினால் செலவை ஏற்பார்களா, எத்தனை வயதுவரை, எவ்வளவு தொகைவரை என்பதையும் படித்துப் பாருங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்தப் பிரிவு இல்லாத காப்பீடு இருந்தும் இல்லாததுபோலத்தான்.